கடற்கரை மோட்டலில் குடும்பத்தோடு தங்க: எந்தப் பருவத்தில் எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலோரம் போகலாம் என்று யார் வீட்டில் பேச்சு எழுந்தாலும் எனக்கு ஒரு போன் வந்துவிடும். குழந்தைகள், வயதானவர்கள், நாலைந்து மூட்டைகள் சகிதமாகப் பல வருஷங்கள் வெவ்வேறு மாதங்களில் கடற்கரை மோட்டல்களில் தங்கியதால் வந்த பெயர் இது. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொரு முறையும் போனில் சொல்வதைவிட எழுதிவைத்தால் அனுப்பிவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

மோட்டல், ஹோட்டல், ரிசார்ட் எல்லாம் ஒண்ணுதானே? பேருதானே வேற?

பெயர் மட்டும் வேறு இல்லை. மோட்டார், ஹோட்டல் இரண்டையும் ஒட்டிச் செய்த சொல் மோட்டல். 1925-இல் கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் ஆர்தர் ஹைன்மன் என்ற கட்டடக் கலைஞர் தொடங்கிய விடுதிக்குத்தான் முதலில் அந்தப் பெயர் வந்தது. காரில் வருகிறவர் அறை வாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டு இறங்கலாம் என்பதுதான் யோசனை. இன்றைக்கும் அடையாளம் அதுவே: ஒன்றிரண்டு மாடி, நீளமான வராந்தா, வெட்டவெளியைப் பார்த்துத் திறக்கும் அறைக்கதவு.

அந்தக் கதவுதான் எல்லாவற்றுக்கும் காரணம். தலை முதல் கால் வரை மணல் அப்பிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லாபியையும் லிஃப்டையும் கடக்க வேண்டியதில்லை. கடலிலிருந்து நேராக அறைக்கு வரலாம். அதே கதவு வழியாகத்தான் காற்றும் சாரலும் குளிரும் நேராக உள்ளே வரும். பெரிய ஹோட்டலுக்குள் இருந்தால் வெளியே என்ன பருவம் என்பதை மறந்துவிடலாம். மோட்டலில் அது நடக்காது. கீழே வரும் பாதிக் கேள்விகள் இதிலிருந்து பிறந்தவைதான்.

எந்த மாசம் போனா நல்லது? ஒரே வரியில சொல்லுங்க.

குளிர்காலம் உள்ள ஊர்களில், கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்த அடுத்த நாலைந்து வாரங்கள். வெப்ப மண்டலக் கரை என்றால் மழைக்காலம் முடிந்து, வெயில் ஏறுவதற்கு முந்தைய மாதங்கள்.

ஒரு வரி கேட்டீர்கள், இரண்டாகிவிட்டது. மூன்றாவதும் உண்டு: பூமத்திய ரேகைக்குத் தெற்கே போகிறீர்கள் என்றால் மாதங்களைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஜனவரிதான் நடுக்கோடை. இதை மறந்து ஜூலையில் நீச்சல் உடையோடு போய் இறங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு குடும்பம்.

வெயில் நல்லா அடிக்குது, ஆனா தண்ணி ஐஸ் மாதிரி இருக்கே, ஏன்?

தண்ணீர் மெதுவாகச் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். நிலம் ஒரு நாள் வெயிலில் கொதித்துவிடும். கடலுக்கு வாரக்கணக்கில் ஆகும். அதனால் கடலின் நாட்காட்டி நிலத்தின் நாட்காட்டிக்கு ஒன்றிரண்டு மாதம் பின்தங்கியே ஓடுகிறது. வட அரைக்கோளத்தின் மிதமான பகுதிகளில் வெயில் நீளமாகக் காய்வது ஜூனில். கடல் நீர் மிக வெதுவெதுப்பாக இருப்பது ஆகஸ்ட், செப்டம்பரில். மிகக் குளிர்ந்திருப்பது பிப்ரவரி, மார்ச்சில். வசந்தத்தில் மணல் சுட, தண்ணீர் குளிரும். இலையுதிர் காலத்தில் காற்று குளிர, தண்ணீர் கதகதப்பாக இருக்கும். பள்ளி திறந்தபின் போங்கள் என்று மேலே சொன்னதற்குக் கூட்டம் குறைவது பாதிக் காரணம். இது மீதிப் பாதி.

சில கரைகள் இந்தக் கணக்குக்கும் அடங்காது. கலிஃபோர்னியாவின் நடுப்பகுதியில் கோடையிலும் தண்ணீர் 15 டிகிரி செல்சியஸை ஒட்டியேதான் இருக்கும். கரையோரக் காற்று மேல்நீரைக் கடலுக்குள் தள்ளிவிட, அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் மேலேறி வருகிறது. முன்பதிவுப் பக்கத்தில் நீலவானமும் சிரிக்கும் குடும்பமும்தான் தெரியும். காற்றின் வெப்பநிலையோடு கடல் நீரின் வெப்பநிலையையும் தனியாகத் தேடிப் பாருங்கள்.

தண்ணி கொஞ்சம் குளிர்ந்தா என்ன? இறங்கினா பழகிடாதா?

கொஞ்சம் குளிர்ந்தால் பழகிவிடும். 15 டிகிரிக்குக் கீழே போனால் கதை வேறு. அப்படிப்பட்ட நீரில் சட்டென்று குதித்தால் உடம்பு தன்னையறியாமல் மூச்சை உள்ளே இழுக்கும், இதயம் படபடக்கும், முதல் சில நிமிஷங்களுக்கு மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் அந்த நிமிஷங்களில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். குதிக்காமல் மெல்ல நடந்து இறங்குங்கள். குழந்தையின் உதடு நீலம் பாய்ந்தாலோ பல் தந்தியடித்தாலோ பேரம் பேசாமல் வெளியே தூக்கிவிடுங்கள். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று அழும், அழட்டும்.

'கடல் தெரியும் அறை'னு போட்டிருந்துச்சு. போய்ப் பார்த்தா கார் நிறுத்துற இடம்தான் தெரிஞ்சுது!

தெரியும், நானும் ஏமாந்திருக்கிறேன். ஒருமுறை எனக்குக் கிடைத்த 'கடல் தெரியும்' அறையில் கடல் தெரியத்தான் செய்தது: குளியலறை ஜன்னல் வழியாக, வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்றால்.

கடல் முகப்பு என்றால் அறைக்கும் மணலுக்கும் நடுவில் வேறு கட்டடமோ சாலையோ இல்லை என்று பொருள். கடல் தெரியும் என்றால் எங்கிருந்தோ, ஏதோ ஒரு கோணத்தில் தெரியும். 'ஓரளவு தெரியும்' என்றால் நான் சொன்ன வாளி. மோட்டல் கடலை ஒட்டி இருப்பதும் உங்கள் அறை கடலைப் பார்த்து இருப்பதும் வேறு வேறு. போனில் ஒரு கேள்வி போதும்: "கட்டிலில் உட்கார்ந்தால் கடல் தெரியுமா?"

சரி, எல்லாப் பருவத்துக்கும் கடல் முகப்புதான் சிறந்ததா என்றால், இல்லை. குளிர்காலத்திலும் பலத்த காற்று வீசும் மாதங்களிலும் கடலைப் பார்த்த கதவைத் திறக்கவே முடியாது, இரவெல்லாம் இரைச்சல். அந்த மாதங்களில் முற்றத்தைப் பார்த்த அறையைக் கேட்டு வாங்கி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம்.

கீழ்த்தளம் வாங்கணுமா, மாடியா? சின்னப் பிள்ளைங்க இருக்காங்க.

கோடையில், நடக்கத் தொடங்கிய குழந்தை இருந்தால், கீழ்த்தளம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அறைக்கும் மணலுக்கும் நடப்பீர்கள். படியே இல்லாதது பெரிய வரம். ஒரே எச்சரிக்கை: கதவைத் திறந்தால் நேரே கார் நிறுத்துமிடமோ நீச்சல் குளமோ இருக்கலாம். குழந்தைக்கு எட்டாத உயரத்தில் உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மாடியில் காற்று நன்றாக வரும், மணல் குறைவாக வரும், மேலே யாரும் தடதடவென்று ஓட மாட்டார்கள். ஆனால் அறைக்குள் நுழைந்ததும் நான் செய்யும் முதல் வேலை, பால்கனி நாற்காலிகளைக் கைப்பிடிச் சுவரிலிருந்து தள்ளிப் போடுவது. குழந்தை கம்பிக்கு நடுவே புகுந்துவிடுமோ என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். நாற்காலியில் ஏறி எட்டிப் பார்ப்பதுதான் அதைவிட நடக்கக்கூடியது.

'குடும்பத்துக்கு ஏற்றது'னு எல்லாரும்தான் போடுறாங்க. எதை வச்சு நம்புறது?

அந்த வாசகத்துக்கு எந்த அளவுகோலும் இல்லை. யார் வேண்டுமானாலும் போடலாம். நான் பார்ப்பது சின்னச் சின்ன விஷயங்கள். நீச்சல் குளத்தைச் சுற்றி வேலியும் தானாக மூடிக்கொள்ளும் கதவும் உண்டா? கால் கழுவ வெளிக்குழாய் உண்டா? அறைக்குள் சின்ன ஃபிரிட்ஜும் ஏதாவது சூடாக்க அடுப்பும் உண்டா? துணி துவைக்கும் இயந்திரம் உண்டா? பக்கத்து அறைக்கு நடுக்கதவு உண்டா? குழந்தைக் கட்டில் கேட்டால் "இருக்கு" என்கிறார்களா, "பார்க்கலாம்" என்கிறார்களா?

அப்புறம், போனில் பேசுகிறவரின் தொனி. "பிள்ளைகளுக்கு என்ன வயசு?" என்று அவர்களாகக் கேட்டால் பாதி நம்பலாம். மீதிப் பாதிக்கு, நீங்கள் போகப்போகும் அதே மாதத்தில் தங்கியவர்கள் எழுதிய விமர்சனங்களை மட்டும் படியுங்கள். ஆகஸ்டில் தங்கியவர் புகழ்ந்த குளம் நவம்பரில் மூடிக்கிடக்கும்.

சீசன்ல போறதா, சீசன் இல்லாதப்போ போறதா? எதுல என்ன போகும்?

சீசனில் காசும் அமைதியும் போகும். சீசன் முடிந்தபின் வசதிகள் போகும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. குளம் மூடியிருக்கும், வரவேற்பறையில் ஆள் மாலையோடு போய்விடுவார், சுற்றிலும் பாதிக் கடைகள் இழுத்துச் சாத்தியிருக்கும், சில மோட்டல்களே சில மாதங்கள் மூடிவிடும். முக்கியமாக, கடற்கரையில் உயிர்காப்பாளர் இருக்க மாட்டார்.

குளிர்காலத்தில் அறையில் ஹீட்டர் உண்டா என்று கேட்டால் எல்லோரும் உண்டு என்பார்கள். "சுவரில் பொருத்தியதா, கையில் தூக்கிவைக்கும் சின்ன ஹீட்டரா?" என்று கேளுங்கள். கோடைக்கென்று கட்டிய மோட்டல்களில் சுவர் மெல்லியது, கதவிடுக்கில் காற்று வரும். ஒரு தடவை ஒரு துண்டை உருளையாகச் சுருட்டிக் கதவடியில் வைத்துத்தான் தூங்கினோம். மறுநாள் காலை அந்தத் துண்டின் வெளிப்பக்கம் முழுக்க மெல்லிய மணல், சல்லடையில் சலித்த மாவு மாதிரி.

இத்தனைக்கும் நான் சீசன் இல்லாத காலத்தின் பக்கம்தான். நம்மைத் தவிர யாருமில்லாத ஒரு நீளக் கரையில் பிள்ளைகளை விட்டுப் பாருங்கள், தெரியும். பேரமும் படியும்: வார நாட்களில் மூன்று நாளுக்கு மேல் தங்குவதாகச் சொல்லிக் கேட்டால் குறைக்காத மோட்டல் அரிது.

காலையில அவ்வளவு பெரிய பீச் இருந்துச்சு. மத்தியானம் படுக்கை விரிச்ச இடம் வரைக்கும் தண்ணி வந்துடுச்சே!

ஓதம், அதாவது தினமும் ஏறி இறங்கும் கடல் மட்டம், ஏறியிருக்கிறது. பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிஷம். இன்று காலை 9 மணிக்குக் கடல் முழுக்க ஏறியிருந்தால் பிற்பகல் 3 மணி வாக்கில் வற்றியிருக்கும், இரவு 9.25-க்கு மறுபடி ஏறும், நாளைக் காலை 9.50-க்கு. தினமும் ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகும் என்பதால், ஒரு வாரம் தங்கினால் முதல் நாள் காலை முழுக்க ஏறியிருந்த கடல் கடைசி நாள் காலை வற்றிக்கிடக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம்.

எல்லாக் கடலும் ஒரே மாதிரி இல்லை. மத்தியதரைக் கடலிலும் கரீபியனிலும் இந்த ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீட்டர் வரை போகும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் கால்வாய்ப் பக்கம் சில கரைகளில் தண்ணீர் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கிச் சேறு தெரியும், பிள்ளைகள் "கடல் எங்கே?" என்று கேட்பார்கள். அப்படிச் சேற்றுக்குள் நடந்து போகவே கூடாது. ஓத அட்டவணை பல மோட்டல்களில் வரவேற்பு மேஜையிலேயே ஒட்டியிருக்கும். போனதும் அதை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்துல போனா பீச்சே ஒல்லியாயிடுமாமே, நிஜமா?

பல கரைகளில் நிஜம். புயற்கால அலைகள் உயரமாக, அடுத்தடுத்து வரும். கரையின் மணலை அரித்துக் கொஞ்சம் தள்ளிக் கடலடியில் மேடாகக் குவித்துவிடும். கோடையின் சாந்தமான அலைகள் அதே மணலைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொண்டுவந்து போடும். அதனால் ஜூலைப் படத்தில் அகலமாக விரிந்திருக்கும் மணல், ஜனவரியில் கூழாங்கல் தெரியும் சரிவாக மாறியிருக்கலாம். மோட்டல் புளுகவில்லை, படம் எடுத்த மாதம் வேறு.

கொடி கலர் கலரா பறக்குதே, எதுக்கு என்ன அர்த்தம்?

நாட்டுக்கு நாடு சிறு மாற்றம் இருந்தாலும் பொதுவாக: மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவேதான் உயிர்காப்பாளரின் கண் இருக்கிறது, அங்கே மட்டும் குளிக்கவும். தனி மஞ்சள் என்றால் கவனம் தேவை. தனிச் சிவப்பு, இறங்காதீர்கள். ஊதா என்றால் ஜெல்லி மீன் போன்ற கொட்டும் உயிரினங்கள் உண்டு. கறுப்பு வெள்ளைக் கட்டம் அலைச்சறுக்குக்காரர்களின் பகுதி, குளிக்கிறவர்களுக்கு அல்ல.

கொடியே இல்ல, கடலும் அமைதியா இருக்கு. அப்போ இறங்கலாம்தானே?

கொடி இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. பார்க்க ஆள் இல்லை என்று அர்த்தம். சீசன் முடிந்த கரையில் இதுதான் நிலைமை.

அப்புறம் அந்த 'அமைதி'. இருபுறமும் அலை உடைந்து வெள்ளையாக இருக்க, நடுவில் ஒரு துண்டு மட்டும் அலையில்லாமல், கொஞ்சம் கறுத்து, வழுவழுவென்று தெரிந்தால், குழந்தைகளுக்கு அதுதான் நல்ல இடம் என்று கால் அங்கேயே போகும். அதுதான் மோசமான இடம். கரைக்கு வந்த நீரெல்லாம் அந்த வாய்க்கால் வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. ரிப் கரண்ட் என்பது அது. அமெரிக்கக் கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் மீட்பவர்களில் ஐந்தில் நான்கு பேர் இதில் சிக்கியவர்கள்தான். அது ஆளை அடியில் இழுக்காது, கடலுக்குள் கொண்டுபோகும். எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தினால் களைத்துத்தான் போவீர்கள். மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள். காப்பாற்ற இறங்குகிறவர் வெறுங்கையோடு இறங்கக் கூடாது. மிதக்கும் பொருள் எதையாவது எறியுங்கள். வந்த அன்றே மாடி வராந்தாவில் நின்று பிள்ளைகளோடு அந்தக் கறுத்த துண்டைத் தேடிப் பாருங்கள். கீழே நின்றால் தெரியாதது மாடியிலிருந்து தெரியும்.

மேகமா இருக்கே, இன்னிக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம்ல?

வேண்டும். மெல்லிய மேகத்தைப் புற ஊதாக் கதிர் ஊடுருவி வந்துவிடும். சூட்டை உணர்வதும் கதிர் படுவதும் வேறு வேறு. காற்று சிலுசிலுவென்று வீசும் வசந்த நாட்களில்தான் எங்கள் வீட்டில் அதிகம் தோலுரிந்திருக்கிறது. போதாததற்கு, உலர்ந்த மணல் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும் கடல் நுரை 25 சதவீதம் வரையிலும் திருப்பி அடிக்கும். குடையடியில் உட்கார்ந்திருப்பவருக்கும் பங்கு உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, தண்ணீரிலிருந்து வந்ததும் ஒருமுறை. ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீன் வகைகளை 2021 முதல் ஹவாயில் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்க முடியாது. பவளப்பாறைக்குக் கேடு என்பது காரணம். பவளப்பாறை உள்ள இடத்துக்குப் போகிறீர்கள் என்றால் டியூபின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

புயல் காலத்துல புக் பண்ணிட்டேன். வந்துச்சுன்னா பணம் திரும்பக் கிடைக்குமா?

வானிலையைப் பொறுத்ததல்ல, நீங்கள் ஒத்துக்கொண்ட நிபந்தனையைப் பொறுத்தது. மூன்று கேள்வியை எழுத்தில் கேளுங்கள். எத்தனை நாள் முன்னால் ரத்து செய்தால் முழுப் பணம்? புயல் எச்சரிக்கை வந்தாலே போதுமா, அரசு வெளியேறச் சொன்னால்தானா? திரும்பத் தருவது பணமா, வேறு தேதியா? மழை என்பதற்காக யாரும் பணம் தர மாட்டார்கள்.

எந்த மாதம் என்று தெரிந்துகொள்வது எளிது. அட்லாண்டிக் பக்கம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம், உச்சம் செப்டம்பர் நடுவை ஒட்டி. ஆஸ்திரேலியாவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. வங்கக் கடலில் இரண்டு தவணை: தென்மேற்குப் பருவமழைக்கு முன் மே வாக்கில், அது முடிந்தபின் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மேற்குப் பசிபிக்கில் எந்த மாதமும் வரலாம். மேலே 'பள்ளி திறந்தபின் போங்கள்' என்றேனே, அட்லாண்டிக்கின் புயல் பாதையில் உள்ள கரைகளுக்கு அந்த யோசனை சரியாக உச்சத்தில் போய் முட்டும். அங்கே ரத்து வசதி உள்ள அறையை மட்டும் எடுங்கள். வெளியேறச் சொன்னால் வெளியேறுங்கள். கொடுத்த காசுக்காக உட்கார்ந்திருக்காதீர்கள்.

ரூம்ல எல்லாமே பிசுபிசுன்னு இருக்கு. சுத்தம் பண்ணலையா?

பெரும்பாலும் உப்பு. அலை உடையும்போது தெறிக்கும் துளிகள் காற்றில் காய்ந்து உப்புத் தூளாகி எல்லாவற்றிலும் படியும். உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். காலையில் துடைத்த கண்ணாடி மாலைக்குள் மங்கிவிடும். பூட்டும் கீலும் துருப்பிடிக்கும். ஒரு மோட்டலில் எங்கள் கதவுப் பூட்டு இறுகிப்போய், மேலாளர் எண்ணெய்க் குப்பியைச் சாவித் துவாரத்தில் பீய்ச்சி, சாவியை நாலு தடவை உள்ளே வெளியே ஆட்டி, ஐந்தாம் தடவை திறந்தார். அவர் முகத்தில் வியப்பே இல்லை. அவருக்கு அது தினசரி வேலை.

உப்புக்கும் அழுக்குக்கும் வித்தியாசம் முகர்ந்தால் தெரியும். புழுங்கல் வாடை, மெத்தையில் ஈரம், சுவர் மூலையில் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது பூஞ்சை. அப்போது வேறு அறை கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். மழைக்காலத்தில் கதவைத் திறந்துவைத்தபடி ஏசி போடாதீர்கள். தரையே வியர்த்து வழுக்கும்.

மணலை எப்படிதான் ஒழிக்கிறது?

ஒழிக்க முடியாது, குறைக்கலாம். ஈரக் காலில் ஒட்டிய மணலைத் துடைக்கத் துடைக்கத் தேய்க்கத்தான் செய்வீர்கள். குழந்தைப் பவுடரைக் கொஞ்சம் தூவி உலர்ந்த துணியால் தட்டுங்கள். பவுடர் ஈரத்தை இழுத்துக்கொள்ள, மணல் பொலபொலவென்று உதிரும். குழந்தை மூஞ்சிக்குப் பக்கத்தில் மட்டும் தூவ வேண்டாம். ஈர உடையை அறைக்குள் உதறாமல் வராந்தாவிலேயே கழற்றி வாளியில் போடுங்கள்.

மணல் என்றதும் ஒன்று: பிள்ளைகள் தோண்டும் குழி அவர்கள் முழங்காலுக்கு மேல் ஆழமாக வேண்டாம். உலர்ந்த மணல் சரிந்தால் நொடியில் மூடிவிடும். கிளம்பும்போது குழியை மூடிவிட்டு வாருங்கள்.

ஜெல்லி மீன் கொட்டினா சிறுநீர் விடணும்னு சொல்றாங்களே?

வேண்டவே வேண்டாம். பலன் இல்லை, சில நேரம் கொட்டும் அணுக்களை இன்னும் தூண்டிவிடும். மணலால் தேய்ப்பதும் தவறு. தண்ணீரிலிருந்து வெளியே வந்து, ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு உயிர்காப்பாளரிடம் போங்கள். எந்த இனம் என்று அவருக்குத்தான் தெரியும். நீலக் குப்பி எனப்படும் வகைக்கு, தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில் 20 நிமிஷம் வைப்பது வலியைக் குறைக்கும். வட ஆஸ்திரேலியாவின் பெட்டி ஜெல்லி மீனுக்கு வினிகர் ஊற்றி உடனே அவசர உதவியை அழைக்க வேண்டும். அது உயிரையே எடுக்கும். அங்கே சுமார் நவம்பர் முதல் மே வரை அதன் காலம். தண்ணீர் அழகாக, வெதுவெதுப்பாக இருக்கும் அதே மாதங்கள்தான், கவனியுங்கள்.

ராத்திரி பால்கனி விளக்கை அணைக்கச் சொன்னாங்க. கரன்ட் மிச்சம் பண்றாங்களா?

ஆமைகளுக்காக இருக்கும். முட்டையிலிருந்து வெளியே வரும் குஞ்சு, வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று நினைத்து நகரும். இயற்கையில் அது சரி. மோட்டல் விளக்கு எரிந்தால் சாலைப் பக்கம் நடந்து செத்துப்போகும். ஃபுளோரிடாவில் கோடை, ஒடிசா கரையில் சிற்றாமைகள் முட்டையிட வருவது குளிர்காலக் கடைசி என்று இடத்துக்கு இடம் காலம் மாறும். திரையை இழுத்துவிடுங்கள், கரையில் டார்ச்சோ ஃபிளாஷோ வேண்டாம், பகலில் தோண்டிய குழியை மூடுங்கள். அந்தக் குழிக்கு மேலே சொன்னதோடு இது இரண்டாவது காரணம்.

வயசான அப்பா அம்மாவையும் கூட்டிட்டுப் போகலாமா?

தாராளமாக. ஆனால் நடுக்கோடையில் அல்ல. உலர்ந்த மணலில் நடப்பது முட்டிக்குப் பெரும்பாடு. ஓதம் வற்றியபின் நீரோரத்து இறுகிய ஈர மணலில் நடப்பது எளிது. மேலே சொன்ன அட்டவணை அதற்கும் உதவும். கீழ்த்தளம், குளியலறையில் கைப்பிடி, அறையிலிருந்து நிழலான உட்காருமிடம் எத்தனை அடி என்பவற்றைக் கேளுங்கள். பகலில் கடலிலிருந்து காற்று முற்பகலில் கிளம்பி, பிற்பகலில் பலத்து, மாலையில் தணியும். என் அம்மா காலை ஏழு மணிக்கு ஒரு சுற்று, மாலை ஆறு மணிக்கு ஒரு சுற்று. நடுவில் வராந்தா நாற்காலி. நாங்கள் எல்லோரும் சேர்ந்து அனுபவித்ததைவிட அவர் அதிகமாகவே கடலை அனுபவித்தார்.

சுனாமி வந்தா என்ன பண்றது? கேட்டா சிரிக்கிறாங்க.

சிரிக்க ஒன்றுமில்லை. அதற்குப் பருவம் கிடையாது. நிலம் பலமாகவோ நீண்ட நேரமோ அதிர்ந்தாலும், கடல் திடீரென்று உள்வாங்கினாலும், விநோதமாக நுரைத்தாலும், சைரனுக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஓடுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று புக்கெட்டின் மாய் காவ் கரையில் பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி ஒருத்தி, இரண்டு வாரத்துக்கு முன் பூகோள வகுப்பில் படித்தது நினைவுக்கு வர, கடல் நுரைப்பதைப் பார்த்துப் பெற்றோரை உலுக்கினாள். அந்தக் கரையிலிருந்தவர்கள் முன்பே வெளியேறினார்கள்.

மோட்டல் இரண்டு மாடிதான் என்பதை நினைவில் வையுங்கள்; மேல்மாடி போதும் என்று நம்பக் கூடாது. போன அன்றே மேட்டுநிலத்துக்கு எந்தச் சாலை என்று பார்த்து, ஒருமுறை எல்லோரும் நடந்தே போய்வாருங்கள். முதல் அலை போனதும் திரும்பாதீர்கள், அடுத்தது பெரிதாக இருக்கலாம்.

மூணு நாளும் மழைன்னா பிள்ளைங்களை வச்சுக்கிட்டு என்ன பண்றது?

இடி மின்னல் இருந்தால் உள்ளேயே இருங்கள். வெறும் மழை, அலையும் சாந்தம் என்றால் மழைச்சட்டை போட்டுக்கொண்டு கரைக்குப் போங்கள். புயலடித்து ஓய்ந்த மறுநாள் காலைதான் கரையில் அதிகம் கிடைக்கும்: சிப்பி, மரத்துண்டு, கடல் தேய்த்து மழுங்கடித்த கண்ணாடிச் சில்லு. எங்கள் பிள்ளைகள் அவற்றைக் கழுவி வராந்தா விளிம்பில் நிறவாரியாக அடுக்கினார்கள். ஒரு முழு மதியம் போனது, டிவி போடவே இல்லை. கனமழைக்குப்பின் ஒரு நாளாவது ஓடை, வடிகால் கலக்கும் இடத்தில் குளிக்க வேண்டாம். ஊரின் கழிவெல்லாம் அங்கேதான் வந்து சேரும்.

அதே மோட்டல், அதே ரூம். போன தடவை சொர்க்கமா இருந்துச்சு, இந்தத் தடவை பிடிக்கவே இல்ல. ஏன்?

எந்த மாதம் போனீர்கள் என்று இந்தக் கேள்வியைக் கேட்டவரிடம் திருப்பிக் கேட்டேன். முதல் தடவை செப்டம்பர், இரண்டாம் தடவை ஏப்ரல். தண்ணீர் ஏன் குளிர்ந்தது, மணல் ஏன் ஒல்லியானது, குளம் ஏன் மூடியிருந்தது என்பதற்கெல்லாம் மேலே பதில் இருக்கிறது. மிச்சம் ஒன்று, காற்று. வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று திசைக்கொரு பெயர் வைத்திருக்கிறோம். அறையை எடுக்கும்போது மட்டும் திசையைக் கேட்பதில்லை. செப்டம்பரில் காற்று கட்டடத்தின் முதுகில் அடித்திருக்கிறது, ஏப்ரலில் நேரே கதவில். நாலு நாளும் கதவைச் சாத்திக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அவர் மறுபடி போன் செய்து அதே மோட்டலில் எதிர்வரிசை அறையைக் கேட்டார். "ஏப்ரல்ல எல்லாரும் அந்தப் பக்கம்தான் சார் கேப்பாங்க" என்றார்களாம்.